வேலை பெர்மிட்டில் எழுதியிருப்பது என்ன?

நம் நாட்டின் செம்பனைத் தோட்டம் ஒன்றில் விடியற்காலைப் பெரட்டுக்குப் போய் நின்று பார்ப்போமாயின், கிராணி பெயர் வாசிக்கும்போது பதிலளிக்கும் குரல்களில் பெரும்பகுதி பிற நாட்டாருடையதாக இருக்கக் காண்போம். இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளியர், இந்தியாவிலிருந்து வந்தவர் எனப் பல மொழி பேசுவோர் ஒரே களத்தில் அணிவகுத்து நிற்கின்றனர். ஊரும் மொழியும் வேறானாலும், அவர்கள் எல்லாருடைய பிழைப்பும் ஒரே வகைத் தாளைச் சார்ந்திருக்கிறது. அதனை நாம் பேச்சு வழக்கில் ‘வேலை பெர்மிட்’ என்கிறோம்.

அது அவர்கள் பாடு, நமக்கென்ன என்று நாம் இருந்துவிட முடியாது. முடிதிருத்தும் நிலையம், உணவகம், சலவைக்கடை ஆகியவற்றை நடத்தும் நம்மவர் பலர் இன்று வெளிநாட்டுத் தொழிலாளரை வேலைக்கு வைத்திருக்கின்றனர். ஜொகூர் மாநிலத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த இளைஞர்களோ, பொழுது விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். அங்கே அவர்களும் வெளிநாட்டுத் தொழிலாளரே. எனவே இந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது, எழுதியிருப்பது யாரை எவ்வளவு கட்டுப்படுத்துகிறது என்பதை நாம் சற்று நிதானமாகப் படித்துப் பார்ப்போம்.

முதலில் ஒரு சொற்குழப்பத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். விசா, பாஸ், பெர்மிட் என்னும் மூன்று சொற்களையும் நாம் ஒரே பொருளில் வழங்கி வருகிறோம். 1959/63-ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டத்தின் கீழ் அவை மூன்றும் வெவ்வேறானவை. விசா என்பது நாட்டின் வாயில்வரை வந்து சேர்வதற்கான இசைவு. பாஸ் என்பது உள்ளே வந்தபின், குறித்த காலம்வரை, குறித்த காரியத்திற்காகத் தங்குவதற்குத் தரப்படும் இசைவு. நுழைவு பெர்மிட் என்பதோ நிரந்தரமாகத் தங்குவோருக்கு உரியது. சிவப்பு அடையாளக் கார்டுக்கு வழி செய்வது அதுதான். ஆகவே தோட்டத் தொழிலாளி கையில் இருப்பது சட்டப்படி பெர்மிட்டே அன்று. அது ஒரு பாஸ். மலாய் மொழியில் அதன் முழுப் பெயர் ‘பாஸ் லாவாத்தான் கெர்ஜா செமந்தாரா’. தற்காலிக வேலை வருகைப் பாஸ் என்று தமிழில் சொல்லலாம்.

இப்பெயரில் ‘வருகை’ என்னும் சொல் இருப்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறோம். ஒருவர் எட்டு ஆண்டுகள் இங்கே குலை அறுத்திருக்கலாம். அவருடைய வியர்வையில் விளைந்த எண்ணெய் உலகச் சந்தைக்கெல்லாம் போயிருக்கலாம். ஆயினும் சட்டத்தின் பார்வையில் அவர் வந்து போகும் விருந்தாளியே. இந்த ஒரு சொல்லிலிருந்துதான் மற்ற எல்லா நிபந்தனைகளும் பிறக்கின்றன. அவர் மனைவி மக்களை உடன் அழைத்துவர இயலாது. இங்குள்ளவரை மணந்துகொள்ளவும் அனுமதியில்லை. விண்ணப்பிக்கும்போது வயது பதினெட்டுக்குக் குறையாமலும் நாற்பத்தைந்துக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். காலம் முடிந்தால் புறப்பட வேண்டும்.

பாஸ் பெறும் முறையும் இதற்கேற்பவே அமைந்திருக்கிறது. தொழிலாளி தாமாக வந்து வேலை தேடிக்கொள்ள முடியாது. அவருக்காக விண்ணப்பிப்பவர் முதலாளியே. எத்தனை பேரை வைத்துக்கொள்ளலாம் என்னும் ஒதுக்கீட்டை முதலாளி முதலில் பெற வேண்டும். தீபகற்ப மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல், வெளிநாட்டவரை வேலைக்கு அமர்த்துவதற்குமுன் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநரின் ஒப்புதலும் தேவை. அதன்பின் குடிநுழைவு இலாகா தரும் ஒப்புதலைக் கொண்டு, தொழிலாளியின் நாட்டிலுள்ள மலேசியத் தூதரகத்தில் விசா பெறப்படுகிறது. வந்திறங்கிய ஒரு மாதத்திற்குள் ஃபோமீமா மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும். காசநோய் போன்றவை கண்டறியப்பட்டால் பாஸ் கிடையாது. ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். இவ்வளவும் ஆனபின் தரப்படும் பாஸ் பெரும்பாலும் ஓராண்டுக்கே செல்லும். பிறகு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

புறப்பட்ட ஊரில் இந்த ஏற்பாடுகளுக்கெல்லாம் இடைத்தரகர் ஒருவரோ இருவரோ மூவரோ இருப்பர். ஒவ்வொருவருக்கும் கைக்கூலி உண்டு. நிலத்தை ஈடு வைத்தும் நகையை விற்றும் வட்டிக்கு வாங்கியும் கொடுத்துவிட்டு வருகிறவர், கப்பலிலோ விமானத்திலோ ஏறும்போதே கடனாளியாக ஏறுகிறார். நம் நாட்டில் வெளிநாட்டுத் தொழிலாளருக்கான லெவியை முதலாளியே ஏற்க வேண்டும், தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கலாகாது என்னும் விதி 2018 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் நேப்பாளத்துடன் செய்துகொண்ட உடன்படிக்கையில், தொழிலாளரை அழைத்துவரும் செலவை முதலாளியே ஏற்பது என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. நல்ல மாற்றங்களே. ஆனால் அயல்நாட்டுச் சிற்றூரில் திண்ணையில் உட்கார்ந்து பணம் வாங்கும் தரகரை இங்குள்ள விதி எட்டிப் பிடிப்பது எளிதன்று.

இனி, தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்போம். அது கடப்பிதழில் ஒட்டப்பட்டிருந்தாலும், தனித்தாளாக அச்சிடப்பட்டிருந்தாலும், மின்பதிவாக இருந்தாலும் சாரம் ஒன்றே: இன்னார், இன்ன முதலாளியிடம், இன்ன துறையில், இன்ன தேதிவரை. தோட்டத்துறைப் பாஸ் பெற்றவர் உணவகத்தில் மேசை துடைக்கலாகாது. ஒரு தோட்டத்தின் பெயரில் வந்தவர், அடுத்த தோட்டத்தில் கூலி அதிகம் என்று தாமாக மாறிக்கொள்ளலாகாது. உள்ளூர்த் தொழிலாளிக்கு முதலாளியைப் பிடிக்கவில்லையென்றால் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வேறிடம் போகலாம். பாஸில் இருப்பவருக்கு, முதலாளியை விடுவது என்பது நாட்டில் இருக்கும் உரிமையையே விடுவதாகும். கூலி குறைந்தாலும், ஏச்சு மிகுந்தாலும், லயத்து வீட்டுக் கூரை ஒழுகினாலும் அவர் வாய்திறக்கத் தயங்குவதன் காரணம் இதுவே. அவர் இயல்பிலேயே அடங்கிப் போகிறவர் என்று நாம் எண்ணிக்கொள்வது தவறு.

இத்தகைய தாள் நம் இனத்தவருக்குப் புதிதன்று என்பதை மூத்த வாசகர்கள் அறிவர். 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியபின், 1969 முதல் இந்நாட்டுக் குடிமக்கள் அல்லாதோர் வேலை செய்வதற்குப் பெர்மிட் பெற வேண்டும் என்னும் நிலை வந்தது. பல்லாண்டுகளாகப் பால் வெட்டிக்கொண்டும் களை வெட்டிக்கொண்டும் இருந்த இந்தியத் தொழிலாளர் பலர் அப்போது சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தனர். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கத் தகுதி இருந்தும் அவர்கள் விண்ணப்பித்திருக்கவில்லை. எழுத்தறிவின்மை ஒரு காரணம். பிறப்பு, வருகை ஆகியவற்றுக்குச் சான்று இல்லாமை மற்றொரு காரணம். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தவர்களும் உண்டு. விளைவு யாதெனில், ஏறத்தாழ 60,000 பேர் தோட்டங்களை விட்டு இந்தியாவுக்குத் திரும்பினர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அவர்களில் இங்கேயே பிள்ளை பெற்றுப் பேரன் பேத்தி எடுத்தவர்களும் இருந்தனர். ஒரு வீட்டில் நீலக் கார்டும் சிவப்புக் கார்டும் கலந்திருந்தால், யார் இருப்பது யார் போவது என்று அடுப்படியில் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியிருந்தது.

அவர்கள் விட்டுச் சென்ற இடத்தில் பின்னர் வேறு நாட்டார் வந்தனர். தோட்ட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் ஆள் அனுப்புவது குறித்து 1984-இல் மேடான் நகரில் மலேசியாவும் இந்தோனேசியாவும் உடன்படிக்கை செய்துகொண்டன. நம் பிள்ளைகள் பட்டணத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகப் போக, தோட்டங்கள் வெளிநாட்டுக் கைகளையே நம்பலாயின. எவ்வளவு நம்பின என்பது பெருந்தொற்றுக் காலத்தில் வெளிப்பட்டது. 2020-இல் புதிய தொழிலாளர் வருகை நிறுத்தப்பட்டபோது, பழுத்த குலைகள் மரத்திலேயே அழுகின. அடுத்த ஆண்டு செப்டம்பரில், தோட்டங்களுக்கென 32,000 வெளிநாட்டுத் தொழிலாளரை அழைத்துவர அரசு தனி அனுமதி வழங்க நேர்ந்தது.

இப்போது தேதிக்கு வருவோம். பாஸின் கடைசி வரியாகிய இதுவே மிகவும் இடர் தருவது. பாஸைப் புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டியவர் முதலாளி. அவர் மறந்தாலும், காலந்தாழ்த்தினாலும், பணமில்லை என்று இருந்துவிட்டாலும், மறுநாள் காலையில் சட்டத்தை மீறியவராக விழித்தெழுபவர் தொழிலாளி. பாஸ் காலாவதியான பின்னும் தங்கியிருப்பது குடிநுழைவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி குற்றம். 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். “முதலாளி பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்” என்பது சாலைச் சோதனையில் செல்லுபடியாகாது. எனவே ஒவ்வொரு தொழிலாளியும் தம் பாஸ் முடியும் தேதியை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். மூன்று மாதங்களுக்கு முன்னதாகவே கிராணியிடமோ மேலாளரிடமோ கேட்கத் தொடங்க வேண்டும். கேட்கத் தெரியாதவருக்காக, மலாய் மொழி அறிந்த நம்மவர் ஒருவர் உடன்போய்க் கேட்டால் அது பேருதவியாகும்.

முதலாளியும் தப்புவதில்லை என்பதை, சிறுதொழில் நடத்தும் நம்மவர் நினைவிற்கொள்ள வேண்டும். செல்லத்தக்க பாஸ் இல்லாதவரை வேலைக்கு வைத்தால், 55ஆ பிரிவின்படி ஆள் ஒன்றுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும். ஐந்து பேருக்கு மேல் வைத்திருந்தால் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறையும் ஆறு வரை பிரம்படியும் உண்டு. “பக்கத்துக் கடையில் வேலை செய்கிற பையன், மாலையில் இரண்டு மணி நேரம் நம் கடைக்கு வந்து போகிறான்” என்பதும் இதில் அகப்படும். அந்தப் பையனுடைய பாஸில் பக்கத்துக் கடைக்காரர் பெயர்தானே இருக்கிறது!

கடப்பிதழைப் பற்றிச் சில வார்த்தைகள். “தொலைந்துவிடும் என்று ஆபீஸ் பெட்டியில் வைத்திருக்கிறோம்” எனப் பல முதலாளிகள் சொல்வதுண்டு. நல்லெண்ணத்தில் சொல்வோரும் இருக்கலாம். ஆயினும் பிறருக்கு வழங்கப்பட்ட கடப்பிதழைச் சட்டப்படியான அதிகாரமின்றித் தம்மிடம் வைத்திருப்பது, 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டத்தின்படி குற்றமாகும். 10,000 ரிங்கிட் வரை அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ விதிக்க அதில் இடமுண்டு. பத்திரமாக வைக்கத்தான் வேண்டுமென்றால், பூட்டும் சாவியும் உள்ள சிறு பெட்டகங்களை லயத்திலேயே அமைத்து, சாவியைத் தொழிலாளியிடம் கொடுப்பதே முறை. பல தோட்டங்கள் இப்போது அப்படித்தான் செய்கின்றன. கடப்பிதழைப் பிடித்து வைப்பதும், கடனில் கட்டிப்போடுவதும் வலுக்கட்டாய உழைப்பின் அடையாளங்களாக உலகத் தொழிலாளர் நிறுவனத்தால் எண்ணப்படுகின்றன. 2020-ஆம் ஆண்டில் அமெரிக்கச் சுங்கத் துறை, இத்தகைய அடையாளங்களைக் காட்டி, நம் நாட்டின் இரண்டு பெரும் தோட்ட நிறுவனங்களின் செம்பனை எண்ணெயைத் தன் துறைமுகங்களில் தடுத்தது. பெட்டகத்துச் சாவி யார் கையில் இருக்கிறது என்னும் சிறு செய்தி, கப்பல் கப்பலான எண்ணெயின் விலையோடு பிணைந்திருப்பதை அப்போது எல்லாரும் கண்டனர். 2022 மார்ச்சில், வலுக்கட்டாய உழைப்பு பற்றிய உலகத் தொழிலாளர் நிறுவனத்தின் கூடுதல் உடன்படிக்கையை மலேசியா ஏற்றுக்கொண்டது.

தற்காலிகப் பாஸ் உடையவர் என்பதால் கூலியும் தற்காலிகமாகிவிடுவதில்லை. தீபகற்பத்தில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வெளிநாட்டவருக்கும் பொருந்தும். சபாவுக்கும் சரவாக்குக்கும் தனித்தனித் தொழிலாளர் சட்டங்கள் உள்ளன. வாரத்திற்கு 45 மணி நேர வேலை, அதற்கு மேற்பட்டால் மிகைநேரக் கூலி, வார ஓய்வு, சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் ஆகியவை அவருக்கும் உரியவை. குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 ரிங்கிட் என்று வரையறுக்கப்பட்டது. ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருப்போருக்கு அவ்வாண்டு ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து அது பொருந்தியது. இதில் குடிமகன், வெளிநாட்டவர் என்னும் வேறுபாடு இல்லை. வேலையிடத்து விபத்துக்கான சொக்சோ காப்பு 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. 2024 ஜூலை முதல், உடல் இயலாமைக் காப்பும் சேர்ந்தது. 2025 அக்டோபர்ச் சம்பளத்திலிருந்து ஊழியர் சேமநிதிக்கும் தொழிலாளி இரண்டு விழுக்காடும் முதலாளி இரண்டு விழுக்காடும் கட்ட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. வீட்டுப் பணியாளர் மட்டும் குறைந்தபட்சச் சம்பள விதியிலும் சேமநிதி விதியிலும் அடங்கவில்லை. ஏன் அவர்களை விட்டார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. ஒரு வீட்டின் சமையலறை என்பதால் உழைப்பு குறைந்துவிடுமா?

“அவர்கள் மலிவாக வருவதால்தான் நம் கூலி ஏறவில்லை” என்னும் முணுமுணுப்பைத் தோட்டங்களில் நாம் கேட்டிருக்கிறோம். இதற்கு நேரான விடை, சட்டத்திலேயே உள்ளது. வெளிநாட்டவரை வைப்பதற்காக உள்ளூர்த் தொழிலாளியை நீக்கலாகாது என்று வேலைச் சட்டத்தின் 60ம பிரிவு தடுக்கிறது. ஆட்குறைப்பு நேர்ந்தால், அதே வேலையில் உள்ள வெளிநாட்டவரை முதலில் குறைத்த பின்னரே உள்ளூராரைக் குறைக்கலாம் என்று அடுத்த பிரிவு கூறுகிறது. உள்ளூராருக்கு உண்மையான பாதுகாப்பு, பக்கத்து வரிசையில் குலை அறுப்பவர் சட்டப்படியான கூலியை முழுதும் பெறுவதில்தான் இருக்கிறது. அவருக்கு 1,700 கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், அவரைக் காட்டி நம் கூலியைக் குறைக்க யாரால் முடியும்? தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் வெளிநாட்டுத் தொழிலாளரும் உறுப்பினராகலாம் என்பதை அறியாதவர் இன்னும் பலர் உள்ளனர்.

பாலத்திற்கு அப்பால் செல்லும் நம் இளைஞரிடம் வருவோம். சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தொழிலாளருக்கு மூன்று முக்கிய வகை அனுமதிகள் உள்ளன. உயர்பதவியாளருக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ், நடுத்தரத் திறனாளருக்கு எஸ் பாஸ், மற்றவர்களுக்கு வொர்க் பெர்மிட். கடைசியாகச் சொன்னதே நம்மவர் பெரும்பாலோர் பெறுவது. இது பொதுவாக இரண்டாண்டு வரை வழங்கப்படும். மற்ற நாட்டார் ஒவ்வொருவருக்காகவும் முதலாளி 5,000 சிங்கப்பூர் வெள்ளி பிணைப்பணம் கட்ட வேண்டும். மலேசியருக்கு அது வேண்டியதில்லை. வொர்க் பெர்மிட் உடையவருக்கு மத்திய சேமநிதிச் சந்தா கிடையாது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். கையில் வரும் வெள்ளியை ரிங்கிட்டில் பெருக்கிப் பார்த்து மகிழ்கிறவர், முதுமைக்கென ஒன்றும் சேரவில்லை என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே உணர்கிறார். தாமாகவே மலேசிய சேமநிதியில் செலுத்திவர வழியுண்டு.

வேலைக்குச் செல்லுமுன், மனிதவள அமைச்சின் கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம் ஒன்று வரும். அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் எல்லாம் அதில் இருக்கும். அதைப் படிக்காமல் கையெழுத்திடுவதும் பாலத்தைக் கடப்பதும் அறியாமை. அதில் குறித்த சம்பளத்தைத் தொழிலாளியின் எழுத்து மூலமான சம்மதமின்றி முதலாளி குறைக்கலாகாது. வேலை தந்ததற்காகவோ பெர்மிட்டைப் புதுப்பித்ததற்காகவோ முதலாளி பணம் கேட்பது அங்கே குற்றம். லெவியை ஊழியர்மீது சுமத்துவதும் அவ்வாறே. சிங்கப்பூரில் உரிமம் பெற்ற தரகர், வேலை ஒப்பந்தத்தின் ஓராண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், எவ்வாறாயினும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேற்படாமலே கட்டணம் வாங்கலாம். சம்பளப் பாக்கி இருந்தால், வேலையில் இருக்கும்போது ஓராண்டுக்குள்ளும், வேலையை விட்டபின் ஆறு மாதத்துக்குள்ளும் முறையிட வேண்டும்.

பயிற்சியாளர் என்னும் பெயரில் போவோரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. 1982-இல் கிழக்கை நோக்கும் கொள்கை அறிவிக்கப்பட்டபின், நம் இளைஞர் பலர் ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் தொழிற்பயிற்சிக்குச் சென்று திரும்பியதை வாசகர்கள் அறிவர். அது அரசு அனுப்பிய பயிற்சி. பயிற்சி என்னும் பெயரை எல்லாரும் அவ்வளவு நேர்மையாகப் பயன்படுத்துவதில்லை. பிற நாட்டு இளைஞர்களுக்குத் தொழில்நுட்பம் கற்பிப்பதற்கென ஜப்பான் 1993-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. முதலாண்டில் அவர்கள் தொழிலாளராகக் கருதப்படவில்லை. பெற்றது சம்பளமன்று, உதவித்தொகை. ஆகவே மிகைநேரக் கூலியும் இல்லை, தொழிலாளர் சட்டமும் இல்லை. பட்டறையிலோ வயலிலோ அவர்கள் செய்தது மட்டும் வேலைதான். 2010 ஜூலையில் சட்டம் திருத்தப்பட்டு, தொடக்க வகுப்புகள் முடிந்ததும் அவர்கள் தொழிலாளரே என்று ஆயிற்று. ஆயினும் ஒரே முதலாளியிடம் கட்டுண்டு கிடக்கும் நிலை தொடர்ந்தது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் சொல்லாமல் ஓடிப்போயினர். அதனால் அத்திட்டத்தையே நீக்கிவிட்டு, ஓரிரு ஆண்டுகளுக்குப்பின் அதே தொழிலில் முதலாளியை மாற்றிக்கொள்ள இடந்தரும் புதிய திட்டத்தை 2027-இல் தொடங்குவதற்கு, 2024 ஜூனில் அங்கே சட்டம் இயற்றப்பட்டது. முப்பது ஆண்டுகள் கழித்து, கட்டுத் தறியைச் சற்றுத் தளர்த்த வேண்டும் என்று அந்நாட்டார் ஒப்புக்கொண்டனர்.

சிங்கப்பூரில் பயிற்சிக்கு உரிய அனுமதிகள் காலத்தால் மிகக் குறுகியவை. டிரெய்னிங் எம்ப்ளாய்மென்ட் பாஸ் மூன்று மாதத்துக்கும், டிரெய்னிங் வொர்க் பெர்மிட் ஆறு மாதத்துக்கும் மேற்படாது. நம் நாட்டுக்குப் பயிற்சிக்கு வருவோருக்குத் தரப்படுவது ‘பாஸ் லாவாத்தான் இக்திசாஸ்’ எனப்படும் தொழில்முறை வருகைப் பாஸ். அது பன்னிரண்டு மாதம் வரை செல்லும். எனவே, “பயிற்சியாளர் விசாவில் போ, இரண்டு வருடம் சம்பாதிக்கலாம்” என்று ஒருவர் சொன்னால், அவர் சொல்வது பொய் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. பயிற்சிக்கு அழைப்பவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு: பணம் தருபவர் யார்? எத்தனை மணி நேரம் வேலை, எத்தனை மணி நேரம் பாடம்? முடிவில் தரும் சான்றிதழை யார் மதிப்பார்? விடை தெளிவாக வராத இடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பாதிருப்பது நலம்.

கடைசியாக, சம்பளம் வராமல் வழக்காடுகிறவரின் நிலை. நம் நாட்டில் தொழிலாளர் இலாகாவின் விசாரணை மன்றத்தில் முறையிடக் கட்டணமில்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதுமில்லை. வெளிநாட்டவரும் முறையிடலாம். ஆனால் முறையிட்ட செய்தி அறிந்ததும் முதலாளி பாஸை ரத்து செய்துவிட்டாரானால், வழக்கு முடியும்வரை தங்குவதற்குத் தொழிலாளி குடிநுழைவு இலாகாவில் ‘பாஸ் காஸ்’ எனப்படும் சிறப்புப் பாஸ் வாங்க வேண்டும். அது ஒரு மாதத்துக்கே செல்லும். மாதந்தோறும் கட்டணம் செலுத்திப் புதிதாகப் பெற வேண்டும். அந்தப் பாஸில் இருக்கும்போது வேலை செய்ய அனுமதியில்லை. மூன்று மாதச் சம்பளத்தைக் கேட்டு நிற்பவர், வருமானமின்றி, வாடகை கொடுத்து, மாதக் கட்டணமும் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பலர் காத்திருக்க இயலாமல், கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடுகின்றனர். இந்நிலையில் இருக்கும் ஒருவரை வாசகர்கள் அறிந்தால், அவரை முதலில் அருகிலுள்ள தொழிலாளர் இலாகா அலுவலகத்துக்கோ சங்கக் கிளைக்கோ அழைத்துச் செல்லுங்கள். கடப்பிதழ், பாஸ், வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு ஆகியவற்றின் நகல்களையும், வேலை செய்த நாட்களைக் குறித்து வைத்த நோட்டு இருந்தால் அதனையும் எடுத்துச் செல்ல வேண்டும். பென்சிலில் எழுதிய நாட்குறிப்பையும் விசாரணை அதிகாரி பார்ப்பார்.